மீன்காரி நின்ஃபா தன் கடலை வெட்டிய கதை

நின்ஃபா அக்கா இரண்டு இடத்துக்குக் கத்தி கொண்டுபோக மாட்டார். ஒன்று கோயில், மற்றது வீடு. பலேர்மோவில் பல்லாரோ சந்தையில் முப்பத்தெட்டு வருடமாக மீன் விற்கிறவர், வாள்மீனின் முதுகு முள்ளை இரண்டே போடில் பிரிக்கிறவர், கடையை எடுத்து வைக்கும்போது கத்திகளைக் கழுவித் துணியில் சுற்றிப் பலகைக்குக் கீழே பூட்டிவிட்டுத்தான் படியேறுவார். வீட்டில் பாணைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிடுவார். தக்காளியைக்கூட நசுக்கித்தான் சட்டியில் போடுவார். ஒருநாள் வெங்காயம் வெட்டிக் கொடுக்கலாம் என்று என் வீட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"உந்தக் கத்தியை வெளியில வைச்சிட்டு வா தங்கச்சி. காலமை முழுக்க வெட்டிப்போட்டு வாறன். இஞ்சயும் வெட்டினா நான் மனுசியா, மெசினா?"

அவர் மூன்றாம் மாடி, நான் அதே கட்டிடத்தில் இரண்டாம் மாடி. இருபத்திரண்டு வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். அவர் சின்னவராக இருந்த கதையெல்லாம் அந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் கேட்டதுதான்.

அவருக்கு இருபது வயதாக இருக்கும்போது தகப்பனுக்குத் தொண்டையில் நோய் வந்து குரல் போய்விட்டது. பல்லாரோவில் மீன் விற்பது என்றால் கூவி விற்பது. குரல் போனவனுக்குக் கடையும் போனமாதிரித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் தகப்பனிடம் வந்து, பெண்பிள்ளை சந்தையில் நின்று கூவுவது அழகில்லை, மகன் சாரோ வளரும்வரை கடையை எங்களில் ஒருவரிடம் விடு என்று சொன்னார்களாம். தகப்பன் பதில் சொல்லக் குரல் இல்லாமல் மகளைப் பார்த்தாராம். மகள் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, மீனை விட்டுவிட்டு அந்த நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூவினாராம். "இவையள் ஒரு சுகமில்லாத மனுசன்ர கடைக்கு அலையினம்! வந்து பாருங்கோ சனங்களே, இண்டைக்குச் சந்தையில இவையள்தான் மலிவு!" அன்றைக்குச் சிரித்த சந்தை பிறகு அவரை அந்த இடத்திலிருந்து எழுப்பவே இல்லை.

கலியாணமும் ஒருமுறை நிச்சயமானது. துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர். மீன் வெடுக்கு நாற்றம் போகட்டும், கடையை விடு, பிறகு கட்டுகிறேன் என்றாராம். "வெடுக்குப் போகாது. நீ போ" என்று அனுப்பிவிட்டாராம் இவர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அக்கா வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அது அவருக்கு வந்தது நாற்பத்தாறாவது வயதில். தெருமுனையில் இருந்த முடி வெட்டும் கடையை மூடிவிட்டுப் போனவர், தன் பெரிய கண்ணாடித் தொட்டியைக் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டுப் போயிருந்தார். ஐந்நூறு லீட்டர் பிடிக்கிற தொட்டி. அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தது. அதற்குள் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு, விரல் நுனி அளவில் இரண்டு தலையோடு, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "சாரோ, வண்டியைக் கொண்டுவா. இதுக்கு உயிர் கிடக்கு" என்றார். தம்பியும் அக்காவும் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அதை ஏற்றி வந்தார்கள்.

எனக்குப் பவளம் என்றால் நகைக்கடையில் இருக்கும் சிவப்பு மணி மட்டும்தான் தெரியும். உயிருள்ள பவளத்தை அக்கா வீட்டில்தான் பார்த்தேன். விளக்குப் போட்டால் கல்லிலிருந்து நூறு விரல்கள் நீண்டு, தண்ணீர் போகிற பக்கமாகச் சாய்ந்து ஆடும். விளக்கை அணைத்தால் எல்லாம் கல்லுக்குள் போய்விடும். இறைவன் இதையெல்லாம் யாரும் பார்க்காத ஆழத்தில் செய்து வைத்திருக்கிறானே என்று நான் கதிரை போட்டு இருந்து பார்ப்பேன். அந்த இரண்டு தலைப் பவளத்துக்கு அக்கா "பெரியவள்" என்று பெயர் வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் அது கார் டயர் அகலத்துக்கு வளர்ந்தது.

பவளம் வளர்க்கிறவர்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருக்கிறது. பூஞ்செடிக்குக் கிளை வெட்டுகிறமாதிரி, வளர்ந்ததை வெட்டி வெட்டி ஒருவருக்கொருவர் துண்டு கொடுப்பார்கள். அக்காவுக்கும் பலர் கொடுத்தார்கள், வாங்கி வைத்தார். அவரிடம் கேட்டவர்களுக்கு மட்டும், "கையால கழட்ட ஏலுமெண்டாக் கழட்டிக்கொண்டு போ. கத்தி இஞ்ச வராது" என்பார். கையால் யாருக்குக் கழலும்?

ஆகவே எல்லாம் தன் பாட்டில் வளர்ந்தது. பச்சைப் புல்லுப் போன்ற ஒன்று பின் கண்ணாடி முழுக்க ஏறியது. தட்டுத் தட்டாக வளர்கிற இன்னொன்று மேலே கூரை போட்டுக் கீழே இருட்டாக்கியது. பொத்தான் மாதிரி வட்டம் வட்டமாகப் பூக்கிற ஒன்று பாறைகளையெல்லாம் மூடிவிட்டது. மோட்டர் தள்ளுகிற தண்ணீர் முன்பக்கத்தில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பியது. பின்பக்கத்தில் ஊத்தை படிந்து கறுத்துக் கிடந்தது.

போன வருடம் ஜூன் மாதம் ஆப்பிரிக்காப் பக்கத்திலிருந்து வருகிற சுடுகாற்று நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் அக்கா வந்து என் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் இரண்டு சின்ன மீன்கள் செத்து மிதந்தன. அக்கா "வக்கீல்" என்று கூப்பிடுகிற மஞ்சள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மெலிந்த முகம் அதற்கு, எல்லாரையும் குற்றவாளியைப் பார்க்கிறமாதிரிப் பார்க்கும். அன்றைக்கு அந்தப் பார்வைகூட இல்லை.

"செவுளைப் பார் தங்கச்சி. இப்பிடிச் செவுளோட ஒரு மீன் என்ர பலகைக்கு வந்தா, நான் பூனைக்கு எறிஞ்சிடுவன்."

நான் ஒரு பல் வைத்தியரின் இடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அலியோத்தா என்று பெயர்; டாக்டர் என்பதற்கு இங்கே தொத்தோர் என்பார்கள். அவரிடம் பல் காட்ட வருகிறவர்கள் காத்திருக்கிற அறையில் அக்காவுடையதைப்போல இரண்டு மடங்கு பெரிய பவளத் தொட்டி இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்தானியாவிலிருந்து ஒரு ஆள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவான். நல்லது செய்வதாக நினைத்து, அக்காவின் தொட்டியைப் பற்றி நான்தான் தொத்தோரிடம் சொன்னேன். அது என் பிழை என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் மினுங்குகிற சப்பாத்து. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்தார்.

"சின்யோரா, இது தொட்டியில்லை. காடு."

"காடெண்டாக் காடு. கூலிக்கு ஆள் பிடிச்சு வளர்த்த காடில்லை."

தொத்தோர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின்பக்கத்தில் தண்ணீர் ஓடவில்லை, அடியில் சேர்ந்த ஊத்தை மூச்சை உறிஞ்சுகிறது, இன்னும் ஒரு சுடுகாற்று வந்தால் ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

"பெரியவளை எனக்குத் தாங்கோ, முழுசா. என்னட்டை இடமும் இருக்கு, பாக்கிற ஆளும் இருக்கு. மிச்சத்தை இறைச்சு ஊத்திப்போட்டு, நாலு பிளாஸ்டிக் செடி வையுங்கோ. வடிவா இருக்கும்."

"நான் குறைப்பன்."

"ஆர்?"

"நான். இந்த வீட்டில வேற ஆர் நிக்கினம்?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். "கோவிக்காதேங்கோ சின்யோரா. உங்கட கை சூரை வெட்ட நல்ல கை. இது வேற வேலை."

அதோடு விட்டிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அடுத்தநாள் சனிக்கிழமை சந்தைக்கும் வந்தார். கணவாய் வாங்கிக்கொண்டு, நின்ற சனத்துக்கு முன்னால், "ஆகஸ்ட் பெருநாளுக்கு முன்னம் நீங்களே எனக்குப் போன் எடுப்பீங்கள், பாருங்கோ" என்றார்.

அக்கா கையைத் துடைத்தார். பிறகு கூவுகிற குரலை எடுத்தார்.

"கேளுங்கோ சனங்களே! பெருநாளுக்கு முன்னம் நான் இந்தத் தொத்தோருக்குப் போன் எடுத்தனெண்டா, அவர் வந்து தொட்டி, தண்ணி, மீன், பவளம் எல்லாத்தையும் சும்மா தூக்கிக்கொண்டு போகலாம்! நான் வாசல் திறந்துவிடுவன்! சாரோ, நீ சாட்சி!"

"என்னை விடக்கா, நான் கணவாய் கழுவிறன்" என்றார் சாரோ.

"கழுவிக்கொண்டே சாட்சி சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அக்காவின் கக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. வரும் வழியில் கடையில் புதிதாக வாங்கிய கத்தரி, உளி, ஒரு சின்னச் சுத்தியல். வாசலில் ஒரு நிமிடம் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"வெட்டாமல் விட்டதை அன்பெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார். "பயம், தங்கச்சி." பிறகு சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சந்தையில் ஐஸ் போட்டு மீன் வருகிற வெள்ளைப் பெட்டிகள் தெரியும்தானே, அவற்றைத் தேய்த்துக் கழுவி, ஓட்டைகளை அடைத்துச் சமைக்கிற குசினியிலிருந்து முன்னறைவரை வரிசையாக வைத்தோம். தொட்டித் தண்ணீரைக் குழாயால் இழுத்து அவற்றை நிரப்பினோம். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. "இந்தப் பொத்தான் இருக்கே, இதின்ர சாறு கண்ணில தெறிச்சாக் கண் போகும். புண்ணில பட்டா ஆஸ்பத்திரி. சுடுதண்ணியைக் கிட்டவும் கொண்டுவராதை, ஆவியே ஆளைக் கொல்லும்" என்று எனக்கு மூன்று தரம் சொன்னார். நான் ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. கூரை போட்டிருந்த தட்டுகளைக் கத்தரியால் நெரித்தே உடைத்தார். பிஸ்கட் முறிகிற சத்தம். பின் கண்ணாடியில் ஏறியிருந்த பச்சையைப் பாய் சுருட்டுகிறமாதிரி உரித்தெடுத்தார். பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாகப் பெரியவள். அவளுடைய அடிக்கல்லை மேசையில் ஈரத் துணிமேல் வைத்து, கிளைகளுக்கு நடுவில் உளியை வைத்தார். அடிக்கவில்லை. உளியை இரண்டு விரல் தள்ளி வைத்தார். திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே அடி. பெரியவள் இரண்டாகி, ஓரங்களிலிருந்து கொஞ்சம் சின்னத் துண்டுகளும் விழுந்தன.

"முடிஞ்சுது" என்றார். "வாள்மீனுக்கு இவ்வளவு யோசிச்சா நான் பட்டினிதான்."

அதற்குப் பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு பாறைக் குன்று கட்டினார். நடுவில் ஒழுங்கை மாதிரி வெளி விட்டார். பின் கண்ணாடியில் எதுவும் முட்டவில்லை. "சந்தையில சனம் நடக்க வழி விடுறம், தண்ணி நடக்க வேண்டாமே?" சின்னத் துண்டுகளைப் பசையால் பாறையில் ஒட்டிக்கொண்டே, கடையில் நிற்கிறமாதிரி வாய்க்குள் மத்தி மீனைக் கூவி விற்கத் தொடங்கினார். குசினி வெக்கையாக இருந்தது. பெரியவளின் பெரிய பாதி ஒரு ஆழமில்லாத பெட்டியில், தலைகள் தண்ணீருக்கு வெளியே தெரிய, காத்துக் கிடந்தது.

பல்லாரோவில் மீன்காரர் எல்லாரும் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் பலகையில் கிடக்கிற மீனுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பேசிக்கொண்டே தெளிப்பார்கள், சண்டை பிடித்துக்கொண்டே தெளிப்பார்கள். அக்கா கூவிக்கொண்டே, பக்கத்தில் கை கழுவ வைத்திருந்த வாளிக்குள் கையை விட்டு, பெட்டிகளுக்கு மேலே தெளித்தார். இரண்டு தரம், மூன்று தரம். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய பாதியிலிருந்து சளி மாதிரி ஒன்று வடியத் தொடங்கியது. நான் காட்டினேன். அக்கா பெட்டித் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு வாளித் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். அது குழாய்த் தண்ணீர்.

உப்பில்லாத தண்ணீர் கடல் பவளத்துக்கு நஞ்சு. பன்னிரண்டு வருடமாக இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

"நான்தான்" என்றார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ர கைதான்."

பவளத்தைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டார். எந்தெந்தப் பெட்டியில் தெளித்தார் என்று அவருக்கே நினைவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த நாலு பெட்டித் தண்ணீரையும் கொட்ட வேண்டியதாயிற்று. தொட்டியை நிரப்பத் தண்ணீர் போதவில்லை. நான் அழுதுவிட்டேன்.

"அழுறியெண்டா வாளிக்குள்ள அழு" என்றார். "உப்புத் தண்ணி காணாமல் கிடக்கு."

திங்கட்கிழமை காலையில் தொட்டி முக்கால்வாசியும் நிரம்பாமல், பால் கரைத்தமாதிரிக் கலங்கிக் கிடந்தது. மணலைக் கிளறியதில் பன்னிரண்டு வருட ஊத்தை மேலே வந்திருந்தது. வக்கீல் ஒரு பாறையில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. தொட்டிக்குக் கரைக்கிற கடல் உப்பு விற்கிற கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மீன் சந்தைக்கும் விடுமுறைதான்.

"அக்கா, தொத்தோரின்ர நம்பர் என்ர போனில கிடக்கு" என்று மெல்லச் சொன்னேன். "அவரிட்டைத் தண்ணி பீப்பாய் பீப்பாயா இருக்கு. நான் பேசிறன். நீங்கள் பேச வேண்டாம்."

"நீ பேசினாலும் நான் பேசினமாதிரித்தான்."

"வக்கீல் சாகுது அக்கா."

"எனக்குக் கண் தெரியாதே?" குரல் உயர்ந்தது. "பல்லாரோவில நான் சொன்ன சொல் அது. நம்பரை அமத்திப் பார், போனையும் தொட்டிக்குள்ளதான் தேடுவாய்."

நான் செபமாலையை எடுத்தேன். ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காத்த எங்கள் புனிதவதி ரோசாலியாவை மன்றாடத் தொடங்கினேன்.

"அவவுக்குக் கொள்ளைநோய் பாக்கிற வேலையே நிறைய" என்றார் அக்கா. "பரவாயில்லை, நீ கேள். நான் மொம்மோவைக் கேக்கிறன்."

மொம்மோ பொர்த்திச்செல்லோவில் படகு வைத்திருக்கிறவர். இருபது வருடமாக அக்காவுக்கு மீன் கொடுக்கிறவர். போனில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்துவது எனக்கும் கேட்டது.

"மொம்மோ, எங்க நிக்கிறாய்?"

"நடுக்கடலில! வலையில ஒண்டுமில்லை, எடியே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதை!"

"நல்லதாப் போச்சு. அந்த இடத்திலயே பிளாஸ்டிக் கான்களை நிரப்பு. இருக்கிற கான் எல்லாம்."

"என்னத்தால நிரப்ப?"

"கடலால நிரப்படா! தண்ணி!"

"முப்பது வருசத்தில என்னட்டைத் தண்ணி கேட்ட முதல் மீன்காரி நீதான்."

"கரைக்குக் கிட்ட அள்ளினா உன்னைக் கொன்றுபோடுவன். டீசல் மணக்கப்படாது. உன்ர படகின்ர முன்பக்கத்தால அள்ளு."

கடல் தண்ணீரை நேரே தொட்டிக்குள் ஊற்றவே கூடாது, அழுக்கும் நோயும் வரும் என்று தொத்தோர் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நான் அதை நினைவுபடுத்தினேன். "அவர் துறைமுகத்துக் கடலைத்தான் கண்டிருப்பார்" என்றார் அக்கா.

மதியத்துக்கு முன்னால் சாரோ மூன்று சக்கர வண்டியில் கான்களோடு வந்தார். எங்கள் கட்டிடத்தில் லிப்ட் இல்லை. அக்கா படிக்கட்டின் அடியில் நின்று ஒவ்வொரு மாடியாகப் பெயர் சொல்லிக் கூவினார். ஆட்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சனம் கடலுக்குப் போகும். கடலை மாடிக்கு ஏத்திற விசரியை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் முதலாம் மாடியில் இருக்கும் வயதானவர்.

"பாத்தது காணும், பிடியுங்கோ!"

"எனக்கு நாரிப் பிடிப்பு" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"நாரியாலயே தூக்கப் போறீங்கள்? கையால பிடியுங்கோ!"

அவர் திட்டிக்கொண்டே பிடித்தார். மேலே இருந்தவர் வாங்கினார், அவருக்கு மேலே நான், எனக்கு மேலே சாரோ. படியெல்லாம் உப்புத் தண்ணீர் சிந்தியது. கான்களை வெயிலில் வைத்துச் சூடேற்றினோம். எங்கள் கடல் உப்புக் கூடியது. பவளத்தின் சொந்தக் கடல் அவ்வளவு உப்பு இல்லை. ஆகவே பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கு வடித்த தண்ணீர் கலந்தார் அக்கா. கலங்கல் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, புதியதை ஒரு கரண்டியில் பட்டு வழிய, மெல்ல மெல்ல, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஊற்றினார். மோட்டரைப் போட்டதும் தண்ணீர் நடு ஒழுங்கையால் போய், பின்பக்கத்தைச் சுற்றி வந்தது. பன்னிரண்டு வருடத்தில் பின்னால் தண்ணீர் அசைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

வக்கீல் எழும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா சந்தைக்குப் போனார். என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்கத் துடித்துக்கொண்டிருந்தார்களாம். சாரோ பிறகு என்னிடம் சொன்னார். அக்கா கடை விரித்ததும் முதல் கூவலே இதுதானாம்: "ஞாயிற்றுக்கிழமை நான் குழாய்த் தண்ணி தெளிச்சு என்ர பவளத்தைக் கொல்லப் பாத்தன்! ஓம், நான்தான்! மீனெண்டு நினைச்சு! சிரிக்கிறவை இப்பவே சிரிச்சு முடியுங்கோ, நாளைக்குச் சிரிச்சா மீன் தர மாட்டன்!" சந்தை நன்றாகவே சிரித்ததாம். தொத்தோரின் காதுக்கும் அது போயிருக்கும்.

புதன்கிழமை வக்கீல் நிமிர்ந்து, கட்டியிருந்த கடற்பாசியை ஒரு கடி கடித்தது. வியாழக்கிழமை பெரியவளின் பெரிய பாதி வெளுத்தது. தசை எல்லாம் கரைந்து வெறும் கல் தெரிந்தது. அக்கா அதை வெளியே எடுத்துக் கழுவி, மேசையில் வைத்து, பக்கத்தில் இருந்து பாணும் அவித்த பயறும் சாப்பிட்டார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதை. அது என்ர பிழையில போனது. மற்றது என்ர கையில நிக்குது. இரண்டையும் நான்தான் வைச்சிருப்பன்."

சின்னப் பாதி பத்து நாள் கல்லுக்குள்ளேயே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போய்ப் பார்த்தேன். இந்தப் பத்து நாளும் தொத்தோர் என்னைக் காணும்போதெல்லாம், "போன் வரேல்லையே?" என்பார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பதினோராம் நாள் காலையில் அக்கா தரையை விளக்குமாற்றால் இடித்து என்னைக் கூப்பிட்டார். ஏறிப் போனேன். பெரியவள் விரிந்திருந்தாள். முந்தியதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு விரலும் தண்ணீர் போகிற பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

ஆகஸ்ட் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் தொத்தோர் அலியோத்தாவே வந்தார். நான் கூட்டிவரவில்லை. அக்கா கதவைத் திறந்துவிட்டு, தள்ளி நின்றார். அவர் முந்தியமாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. குனிந்து, மூக்கு தொட்டிக் கண்ணாடியில் முட்ட, பின்பக்கம்வரை பார்த்தார்.

"பெரிய பாதி போயிட்டுது."

"போயிட்டுது. நான்தான் கொன்றனான். சந்தையில சொன்னனான், நீங்கள் கேட்டிருப்பீங்கள்."

"கேட்டனான்." இன்னும் குனிந்தே நின்றார். "கடல் தண்ணியே ஊத்தினீங்கள்?"

"ஓம்."

"நான் ஊத்த வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஓம். சொன்னீங்கள்."

வக்கீல் ஒழுங்கையால் வந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. தொத்தோர் நிமிர்ந்தார். தன்னுடைய தொட்டியிலும் பின்பக்கம் மூடிக்கொண்டு வருகிறது, கத்தானியா ஆள் மாதக்கணக்காகச் சொல்லியும் கை வைக்கிறானில்லை என்றார். பிறகு இருமிவிட்டு, "அந்தப் பெரியவளில ஒரு துண்டு கிடைக்குமே, சின்யோரா?" என்று கேட்டார்.

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மினுங்குகிற சப்பாத்துவரை பார்த்தார்.

"கேட்டவைக்கு இல்லையெண்டு சொல்லுற வழக்கம் இதில இல்லை. தருவன். ஆனா வெட்டித் தர மாட்டன். வாற திங்கள் வாங்கோ. கை நனைக்கிற ஆளுக்குத்தான் துண்டு."

அவர் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். சாரோவும் அப்படித்தான் நினைத்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு மணி அடித்தது. அதே வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். அக்கா கையுறையையும் கத்தரியையும் அவரிடம் நீட்டினார். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு நேரே தொட்டிக்குள் கையை விடப் போனார்.

"பொறுங்கோ, பொறுங்கோ! கையில உந்த மணிக்கூட்டோடயே?" என்று அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்தார். "கழட்டுங்கோ தொத்தோர். சட்டைக் கையையும் மடியுங்கோ. இது காத்திருக்கிற அறையில்லை."